அடுத்த குழந்தைக்கு முன் எக்ஸோம் பரிசோதனை தேவையா?

கேள்வி: நான் அக்கா மகளை மணந்தவன். மூன்று வயதாகும் எங்கள் மகனுக்கு வலிப்பு வருகிறது. நடையும் பேச்சும் தாமதமாகின்றன. ஸ்கேனில் குறை ஏதும் தெரியவில்லை. மருத்துவர் எக்ஸோம் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார். அதனால் பயன் உண்டா? அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? – வாசகர், பாலக்கோடு

பதில்: அவசியம் எடுங்கள், உங்கள் மனைவி மீண்டும் கருத்தரிப்பதற்கு முன்பே எடுங்கள். மனித மரபுத்தொகுதியின் சுமார் 300 கோடி எழுத்துகளில், புரதங்களுக்கான குறிப்பைத் தாங்கிய 2 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியை மட்டும் படிப்பதே எக்ஸோம் பரிசோதனை. ஒற்றை மரபணுக் கோளாறால் வரும் நோய்களில் இதுவரை கண்டறியப்பட்ட காரணங்கள் பெரும்பாலும் இப்பகுதியிலேயே உள்ளன. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுக்களில் சராசரியாகக் கால் பங்கு பொதுவாக இருப்பதால், குடும்பத்தில் யாருக்கும் தொல்லை தராமல் மறைந்திருந்த ஒரே பழுது இருவர் வழியாகவும் குழந்தைக்கு வந்து சேர வாய்ப்பு அதிகம். இதில் உங்கள் இருவர் மீதும் குற்றமில்லை.

காரணம் தெரிந்தால் சில குழந்தைகளுக்குச் சிகிச்சையே மாறிவிடும். பயோட்டினிடேஸ் குறைபாடு என்றால் பயோட்டின் என்னும் வைட்டமினை வாழ்நாள் முழுதும் கொடுக்க வேண்டும். எஸ்சிஎன்1ஏ மரபணுவில் பழுதென்றால் கார்பமசெபின் போன்ற வழக்கமான மருந்துகளே வலிப்பைக் கூட்டக்கூடும் என்பதால் மருத்துவர் அவற்றைத் தவிர்ப்பார். எல்லாருக்கும் இந்த நற்பேறு அமைவதில்லை. எப்படியானாலும், முடிவு வரும்வரை இப்போதைய மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அறிக்கையில் 'முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்' (நோய் தருமா தராதா என்று இன்னும் தெரியாத மரபணு மாற்றம்) என்று வந்தால், அதையே நோய்க்குக் காரணமென்று எண்ணிவிடக் கூடாது என்பதை மிகவும் வலியுறுத்துகிறேன். அதை வைத்துக் கருவைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அம்மாற்றம் உங்கள் இருவரிடமும் உள்ளதா என்று பார்த்தால் பல நேரங்களில் தெளிவு கிடைக்கும். ஒன்றுமே அகப்படவில்லை என்றாலும் மரபுக் காரணம் இல்லை என்று பொருளல்ல. எக்ஸோம் கண்ணில் படாத பழுதுகளும் உண்டு. ஓரிரு ஆண்டுகள் கழித்து அதே தரவை மறுபடி ஆராயச் சொல்லலாம்.

பழுது இருவரிடமிருந்தும் வந்ததென உறுதியானால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. மகனிடம் புதிதாகத் தோன்றியதென்றால் அது மிகக் குறைவு. எந்த மாற்றம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் கருவைச் சோதிக்க முடியும். கருத்தரித்த பிறகு தேடத் தொடங்கினால் வாரங்கள் கைநழுவிவிடும்.

மூவருக்கும் ஊதா மூடிக் குழாயில் இரண்டு, மூன்று மில்லி இரத்தம் போதும். வெறும் வயிறு தேவையில்லை. வலிப்பு தொடங்கிய வயது, குடும்பத்தில் சிறுவயதில் இறந்த பிள்ளைகள், உறவுத் திருமணங்கள் ஆகியவற்றைப் படிவத்தில் விடாமல் எழுதுங்கள். ஆயிரக்கணக்கான மாற்றங்களிலிருந்து உரியதைப் பிரித்தெடுக்க ஆய்வகத்துக்கு வழிகாட்டுவது அந்த விவரம்தான். இரத்தம் கொடுப்பதற்கு முன்பு ஒருமுறையும் அறிக்கை வந்தபின் ஒருமுறையும் மரபியல் மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு வேலூர் சிஎம்சியோ பெங்களூரு மனித மரபியல் மையமோ எட்டும் தூரத்தில்தான் உள்ளது.