எந்தப் பக்கமும் சாயாத தகவல் எங்கே கிடைக்கும்?

கேள்வி: அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி புற்றுநோய் தரும் என்கிறார்கள் சிலர், பயமே வேண்டாம் என்கிறார்கள் வேறு சிலர். இதுபோன்ற சர்ச்சைகளில் நடுநிலையான தகவலை எங்கே தேடுவது?

பதில்: நடுநிலை என்று பெயர் வாங்கிய ஓர் இடத்தைத் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். சொல்வதற்கு என்ன ஆதாரம் என்று காட்டுகிற இடத்தைத் தேடுங்கள்.

உங்கள் உதாரணத்தையே பார்ப்போம். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேமை ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழுவோ, உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. இரண்டும் ஒரே நாளில், ஒரே அறிவிப்பில் வந்தவை. முதல் பாதியைப் படித்தவர் பதறினார். இரண்டாம் பாதியைப் படித்தவர் சிரித்தார்.

உண்மையில் இரண்டும் மோதவே இல்லை. முகமை பார்த்தது, புற்றுநோய்க்கு ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதை. 2பி என்றால் ஆதாரம் குறைவு. குழு பார்த்தது, எவ்வளவு உட்கொண்டால் ஆபத்து என்பதை. ஒரு கேன் டயட் பானத்தில் 200 முதல் 300 மில்லிகிராம் இருந்தால், 70 கிலோ எடையுள்ளவர் வரம்பைத் தாண்ட தினமும் 9 முதல் 14 கேனுக்கு மேல் குடிக்க வேண்டும். இந்தக் கணக்கும் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. அதனால்தான் செய்தியோடு நிற்காமல் மூல அறிக்கையின் சுருக்கத்தையாவது படியுங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

ஒற்றை ஆய்வை நம்பி முடிவெடுக்காதீர்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. ‘லான்செட்’ இதழ் அதை 2010-இல் திரும்பப் பெற்றது. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் தொகுப்பாய்வுகளை முதலில் பாருங்கள். மருத்துவம் என்றால் காக்ரேன் அமைப்பின் தொகுப்புகள் நல்ல தொடக்கம். இரு தரப்புக்கும் சரிபாதி இடம் தருவதே நியாயம் என்பதை நான் ஏற்கவில்லை. ஆதாரம் ஒரு பக்கம் குவிந்திருக்கும்போது அது வாசகரை ஏமாற்றுவதுதான்.

முன்பின் தெரியாத அமைப்பா? அது தன்னைப் பற்றி எழுதியிருப்பதை விடுங்கள். உலாவியில் வேறொரு டேபைத் திறந்து அதன் பெயரைத் தேடி, பிறர் என்ன சொல்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தகவல் சரிபார்ப்பாளர்கள் முதலில் செய்வது இதைத்தான்.

டயட் பானங்களுக்கு எச்சரிக்கை வாசகம் வேண்டுமா என்பது வேறு வகைக் கேள்வி. அதற்கு ஆய்வு மட்டும் விடை தராது. அங்கே ஒவ்வொரு தரப்பின் வாதத்தையும் அவரவர் எழுத்திலேயே படியுங்கள், எதிர்த்தரப்பு சுருக்கிச் சொன்னதில் அல்ல.