ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை: வகுப்பறைச் சூழல் பற்றிய கேள்விகளுக்கு ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் பதில்கள்

கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திருப்பூர், மூன்றாம் வகுப்பு ஆசிரியை): பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் "ஏய் இந்தி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்ன செய்யலாம் டீச்சர்?

பதில்: முதலில் அவர்களுடைய பெயரை நீங்கள் சரியாகச் சொல்லப் பழகுங்கள். அவர்கள் அம்மாவிடமே கேட்டு இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். டீச்சர் வாயில் வரும் பெயர்தான் வகுப்பில் நிற்கும். அவர்கள் வீட்டில் பேசுவது ஒடியாவாக இருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.

பிறகு ஒருநாள் ஒடியா எழுத்துகள் நாலைந்தைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். எல்லாம் உருண்டையாக இருப்பதைப் பார்த்ததும் "ஏன் இப்படி?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். பனையோலையில் எழுத்தாணியால் நேர்கோடு கீறினால் ஓலை கிழியும், அதனால் வளைவுகள் வந்தன என்று சொல்வதுண்டு. நம் ஊரிலும் ஓலையில்தானே எழுதினார்கள்? பேச்சு அங்கிருந்து நம் எழுத்துக்கு வந்துவிடும். ஆனால் தினமும் "ஒடியாவில் சொல்லு" என்று அவர்களைக் காட்சிப்பொருள் ஆக்க வேண்டாம். ஒரு நாள் போதும். மற்ற நாட்களில் ஐந்தாங்கல், நொண்டி என்று பாஷை அதிகம் தேவைப்படாத ஆட்டங்களில் கலந்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு அம்மா): என் மகன் காதுக்கருவி போட்டிருக்கிறான். பிள்ளைகள் முறைத்துப் பார்க்கிறார்கள், "இது என்ன" என்று தொடுகிறார்கள். கேட்கவே கூடாது என்று டீச்சரிடம் சொல்லிவிடட்டுமா?

பதில்: வேண்டாம்மா. கேட்கக்கூடாது என்று தடுத்தால் அது ரகசியமாகிவிடும், ரகசியம் கிண்டலாகிவிடும். பையனுக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள். சம்மதம் என்றால், சின்ன மைக் ஒன்று சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கிக் காதுக்குள் அனுப்புகிறது என்று அவனே சொல்லட்டும், அல்லது டீச்சர் சொல்லட்டும். அவனைக் கேட்காமல் தொடக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். டீச்சர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் திரும்பி நின்று பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். "பாவம்" என்ற சொல் மட்டும் அந்த வகுப்பில் வேண்டாம். மற்றவர்கள் அவனுக்கு உதவுவது போல அவனும் யாருக்காவது வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கட்டும்.

கேள்வி (தென்மாவட்ட ஆசிரியர்): மதிய உணவின்போது சில பிள்ளைகள் தள்ளி உட்காருகிறார்கள். வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள் என்று தெரிகிறது. இதைத் தொடவே பயமாக இருக்கிறது.

பதில்: பயம் புரிகிறது சார். ஆனால் நாம் தொடாமல் விட்டால் அது வளரும். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் சாதிப் பகையால் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். அதற்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, பெயரின் அகரவரிசைப்படி மாணவர்களை உட்காரவைக்கச் சொன்னது. சின்ன வகுப்புகளுக்கு இன்னும் ஒரு படி மேலே போகலாம்: பாடவேளையிலும் சாப்பாட்டிலும் வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். எல்லாருக்கும் ஒரே முறை என்பதால் யாரும் குறிவைக்கப்பட மாட்டார்கள். பெற்றோர் கேட்டால், "இது வகுப்பு வழக்கம்" என்று சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமானது நம் பக்கம் இருக்கிறது. உதவித்தொகைப் படிவம் நிரப்பும்போது "இன்ன சாதியினர் எழுந்து நில்லுங்கள்" என்று சொல்லும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து நிறுத்துங்கள். எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் இணைய மாணவர் விவரத் தொகுப்பு) பதிவில் விவரம் இருக்கிறது, பெற்றோரிடம் தனியாகவும் கேட்கலாம். ஏழு வயதுப் பிள்ளையை நாற்பது பேர் முன்னால் எழுப்பி நிறுத்திவிட்டு, மறுநாள் சமத்துவம் நடத்தினால் யார் கேட்பார்கள்? கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: அன்பாக நடந்தால் நட்சத்திரம் ஒட்டுகிறேன். சரியா மிஸ்?

பதில்: எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கண்ணில் படும்போது மட்டும் உதவுவார்கள். "அவள் பென்சில் முனை உடைந்தபோது நீ கேட்காமலே கொடுத்தாய், அவள் கணக்கை முடித்துவிட்டாள்" என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள், போதும்.

கேள்வி (நான்காம் வகுப்பு ஆசிரியர்): என் வகுப்பில் யாருமே கேள்வி கேட்பதில்லை.

பதில்: நாம் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று கவனியுங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970-களில் ஆராய்ந்தபோது ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் பொறுத்தார்கள். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அடுத்து, "எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது?" என்று ஒருவன் கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். அந்த வரிசையின் குறுக்கே ஈரத்துணியால் தரையைத் துடைக்கச் சொல்லுங்கள். எறும்புகள் திகைத்து அலைவதைப் பார்த்துவிட்டு, தரையில் ஏதோ வாசனை இருந்திருக்கும் என்று அவர்களே ஊகிப்பார்கள். "முட்டாள் கேள்வி" என்று யாராவது சிரித்தால் மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒருமுறை சிரிப்பு வாங்கிய பிள்ளை அந்த வருடம் முழுக்க வாய் திறக்காமலே இருந்துவிடக்கூடும்.

கேள்வி: சண்டை போட்டால் "சாரி சொல்லு" என்கிறோம். சொல்கிறார்கள், மறுபடி அடிக்கிறார்கள்.

பதில்: அடிபட்டவனிடம் "இப்ப உனக்கு என்ன செஞ்சா சரியாகும்?" என்று கேளுங்கள். "கிழிச்ச நோட்டை ஒட்டித் தரணும்" என்பான், "என்னையும் ஆட்டத்துல சேக்கணும்" என்பான். அதைச் செய்யவையுங்கள். சாரி பிறகு வரட்டும்.