வாசலில் வைத்து "இன்று ஆள் தேவையில்லை" என்றால்

தம்பி, அதிகாலை 4 மணிக்கு எழும்பி, இரண்டு பஸ் மாறி, கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் உள்ள வேர்ஹவுஸ் வாசலுக்குப் போனபின் "இன்று ஆள் தேவையில்லை, ஏஜென்சி சொல்லவில்லையா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், வேலைக்கு ஆள் அனுப்பும் அந்த ஏஜென்சியைக் கேட்டால் "சூப்பர்வைசர் எங்களுக்கு அறிவிக்கவில்லை" என்கிறார்கள், என்னைப் பிடிக்காமல்தான் இப்படிச் செய்கிறார்களா, விட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

பிடிக்காமல் இல்லை. உங்களைப் பிடிக்காமல் போவதற்கு அந்த சூப்பர்வைசருக்கு முதலில் உங்கள் பெயர் தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் போடுவது ஒருவர், வேலை வாங்குவது வேறொருவர். இருவருக்கும் நடுவில் விழுகிற சேதியைக் குனிந்து எடுக்க யாருக்கும் நேரமில்லை.

காசு விஷயத்தை முதலில் சொல்கிறேன். வழமையாக நாளுக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவரை வரச்சொல்லிவிட்டு அதற்கு முன்பே அனுப்பினால், 3 மணித்தியாலச் சம்பளம் தர வேண்டும் என்பது எங்கள் ஒன்ராறியோ மாகாணச் சட்டம். புயல், தீ, மின்தடை போல அவர்கள் கையை மீறியது என்றால் கிடையாது. ஆள் கூடிவிட்டது என்பது புயலில் சேராது. சட்டப்படி ஏஜென்சிதான் உங்கள் முதலாளி, அங்கேயே கேளுங்கள். எந்த இடம், என்ன வேலை, எத்தனை மணி, என்ன சம்பளம் என்பதை எழுத்தில் தருவதும் அவர்கள் கடமை.

இனி என் கதை. வந்த புதிதில் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. இயந்திரச் சத்தத்துக்குள் ஃபோர்மன் ஏதோ சொல்லி, பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். "லேபிள்" என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. தலையை ஆட்டினேன். விடியும்வரை பழைய லேபிளோடு 14 பலெட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) கட்டி அடுக்கினோம். புதியதை ஒட்டியிருக்க வேண்டுமாம். அடுத்த இரவு முழுக்கச் சுரண்டினோம். நகக்கண்ணில் ஏறிய பசை ஒரு கிழமை போகவில்லை. "சொன்னேனே, தலையாட்டினாயே" என்றார் அவர்.

பிழை அவருடையது என்று இன்றும் சொல்வேன். அந்தச் சத்தத்துக்குள் சொல்வதும் ஒன்று, சொல்லாமல் விடுவதும் ஒன்று. ஆனால் ஊரில் வாத்தியாருக்கு ஆட்டிப் பழகிய தலையை நான் இங்கேயும் ஆட்டிக்கொண்டிருந்தேன். (நாங்கள் ஆட்டுவது ஆமாவா இல்லையா என்பதே இவர்களுக்குப் பிடிபடாது, அது வேறு கதை.) அதன்பின் எதைச் சொன்னாலும் கோணல் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லத் தொடங்கினேன்: "நீலப் பெட்டி, புது லேபிள், சரியா?" முதலில் எரிந்து விழுந்தார். சில கிழமைகளில், நான் திருப்பிச் சொல்லும்வரை தானாகவே நின்று பார்க்கப் பழகிவிட்டார்.

உங்களுக்குக் கைத்தொலைபேசி இருக்கிறது. முதல் நாள் மாலையே ஏஜென்சிக்கு "நாளை 6 மணிக்கு வேலை உண்டா?" என்று குறுஞ்செய்தி போடுங்கள். பதிலை அழிக்க வேண்டாம். திருப்பி அனுப்பினால், பஸ் தரிப்புக்கு நடக்குமுன் வாசலில் நின்றே இன்னொன்று: வந்த நேரம், சொன்னவர் யார், என்ன சொன்னார்.

வேலையை இப்போது விட வேண்டாம். தக்க காரணமில்லாமல் தானாக விட்டவருக்கு வேலையின்மைக் காப்புறுதி கிடைக்காது. அடுத்ததைத் தேடிக்கொண்டே போய்வாருங்கள். அந்த 3 மணித்தியாலக் காசு அடுத்த சம்பளத் துண்டில் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் தொழில் அமைச்சில் முறையிட 2 வருடம் இருக்கிறது. படிவத்தைச் சேர்ந்து நிரப்புவோம்.