யூஏ போட்ட பேய்ப்படமும் 7 வயது மகனும்

வணக்கம் சகோதரி. வெள்ளவத்தையில் மச்சாள் வீட்டில் யூஏ போட்ட தமிழ்ப் பேய்ப்படம் பார்த்த மகன் இப்போது தனியே பாத்ரூமுக்கே போகிறானில்லை, சான்றிதழைப் பார்த்துத்தானே விட்டோம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது இந்தியத் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ். பழைய யூஏ என்றால், 12 வயதுக்குக் கீழே பெற்றோர் பார்த்து முடிவெடுக்கட்டும் என்பதுதான்; பிள்ளைக்கு ஏற்றது என்ற உத்தரவாதமெல்லாம் இல்லை. 2023 சட்டத்திருத்தத்தில்தான் அதை 7+, 13+, 16+ என்று பிரித்தார்கள். பழைய படங்களில் வெறும் யூஏதான் இருக்கும்.

சரி, மகனுக்கு வருவோம். "அது மேக்கப், பொய்" என்ற விளக்கம் இந்த வயதில் பெரிதாக எடுபடாது. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கான்டர் இதை நிறைய ஆராய்ந்தவர். சின்னப் பிள்ளைகளை மிரட்டுவது உருவம். நிஜத்தில் நடக்குமா என்ற பயம் வளர வளரத்தான் கூடும். ஆகவே விளக்கம் சொல்வதைக் குறைத்து, பக்கத்தில் படுங்கள். பாத்ரூம் லைட் எரியட்டும், கையில் ஒரு டோர்ச் கொடுங்கள். "ஆம்பிளைப் பிள்ளை பயப்படலாமா" என்று வீட்டில் யாராவது தொடங்கினால் உடனே நிறுத்துங்கள், அதுதான் பெரிய கெடுதல். சில வாரங்களாகியும் நித்திரை சரிவராவிட்டால் பொரளை சிறுவர் வைத்தியசாலையில் காட்டலாம்.