பொதுக் கோப்புறையில் சேமிக்க முடியவில்லை: புதிய சர்வர் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகத்தில் 12 கணினிகள், விண்டோஸ் சர்வர் 2016 உள்ள ஒரு சர்வருடன் இணைக்கப்பட்டுள்ளன. அண்மையில் சேர்ந்த இருவரால் பொதுக் கோப்புறையிலுள்ள கோப்புகளைத் திறக்க முடிகிறது. திருத்திச் சேமிக்க முயன்றால் அனுமதியில்லை என்று வருகிறது. ‘செக்யூரிட்டி’ பகுதியில் இருவருக்கும் ‘மாடிஃபை’ உரிமை கொடுத்தும் பயனில்லை. மற்றவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. சர்வர் பழையதாகிவிட்டது, புதியது வாங்குங்கள் என்கிறார் பராமரிப்பாளர். வாங்கலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள். மற்றவர்கள் அதே கோப்புறையில் தடையின்றிச் சேமிக்கிறார்கள் என்பதே, பிசகு கருவியில் இல்லை, உரிமைகளை அமைத்த விதத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

விண்டோஸில் ஒரு பொதுக் கோப்புறைக்கு இரண்டு உரிமைப் பட்டியல்கள் உண்டு. நீங்கள் திருத்தியது ‘செக்யூரிட்டி’ பட்டியல். ‘ஷேரிங்’ பகுதியில் ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’ என்பதற்குள் ‘பெர்மிஷன்ஸ்’ என்று இன்னொன்று இருக்கிறது. வேறு கணினியிலிருந்து வருபவருக்கு இவ்விரண்டில் எது குறைவான உரிமை தருகிறதோ அதுவே செல்லும். ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’ வழியாகக் கோப்புறையைப் பகிரும்போது ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்குப் படிக்கும் உரிமை மட்டுமே இயல்பாகக் கிடைக்கும். பழைய ஊழியர்களின் பெயர்களை யாரோ அங்கே தனித்தனியாகச் சேர்த்துவிட்டு, புதியவர்களை விட்டிருக்கக்கூடும் என்பதே என் ஊகம். இதைச் சோதிப்பது எளிது: சர்வரிலேயே புதிய ஊழியரின் பெயரில் நுழைந்து, நெட்வொர்க் வழியாக அல்லாமல், டிரைவில் உள்ள கோப்புறையை நேரடியாகத் திறந்து ஒரு கோப்பைச் சேமித்துப் பாருங்கள். சேமிக்க முடிந்தால், தடை பெரும்பாலும் ‘ஷேரிங்’ பட்டியலில்தான் இருக்கும். அங்கே ஊழியர் குழுவுக்கு ‘சேஞ்ச்’ உரிமை கொடுத்தால் போதும்.

அங்கும் சேமிக்க முடியாவிட்டால், அவர்கள் இடம்பெற்ற ஏதேனும் ஒரு குழுவுக்கு ‘டினை’ (உரிமை மறுப்பு) குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழுவில் புதிதாகச் சேர்த்திருந்தால், அவர்கள் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகே அது நடைமுறைக்கு வரும். சர்வரில் சேமிக்க முடிந்து, தங்கள் கணினியிலிருந்து மட்டும் முடியாவிட்டால், விலகியவரின் கணினியை அவருடைய விண்டோஸ் கணக்குடனேயே அவர்களுக்குக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்; அப்படியானால், அந்தக் கணினியின் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதியில் சேமித்துவைத்த பழைய கடவுச்சொல்லையும் நீக்குங்கள்.

அவசரத்தில் இரண்டு பட்டியல்களிலும் ‘எவ்ரிஒன்’ பெயருக்கு முழு உரிமை கொடுத்துவிடாதீர்கள். வாடிக்கையாளர்களின் வரிக் கணக்குகள் இருக்கும் இடம் அது. ஒரு கணினியில் பணம் பறிக்கும் வைரஸ் நுழைந்தால்கூட அத்தனை கோப்புகளும் பூட்டப்பட்டுவிடும்.

பராமரிப்பாளரிடம் எந்தப் பாகம் பழுது என்று எழுத்தில் கேளுங்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பயனர் உரிமைகளை அமைக்கும் வேலை அடங்குமா என்றும் பாருங்கள், அடங்கினால் தனிக்கட்டணம் தரத் தேவையில்லை. சர்வர் 2016-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஜனவரியுடன் நிற்கின்றன என்பதால் மாற்றத்துக்குத் திட்டமிடுவது சரியே. ஆனால் புதிய விண்டோஸ் சர்வரிலும் இதே இரண்டு பட்டியல்கள் இருக்கும்.