எக்ஸ்ரேயில் தெரிந்த தழும்பு புற்றுநோயாக மாறுமா?

மாறாது. மூன்று பக்கக் கடிதத்தில் நீங்கள் உண்மையில் அஞ்சுவது இதற்குத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1984 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வடசென்னையில் கொதிகலன் குழாய்களுக்குக் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றிய உங்களுக்கு, உதரவிதானத்தின் மேல் சுண்ணாம்பால் கோடு இழுத்தாற்போல் எக்ஸ்ரேயில் தெரிவது நுரையீரல் உறைத் தழும்பு. கல்நார்த் தூசியைச் சுவாசித்ததன் அடையாளமான அது, பெரும்பாலும் 20, 30 ஆண்டுகள் கழித்தே கண்ணுக்குத் தெரியும். அதற்கு மருந்தும் வேண்டாம், அறுவை சிகிச்சையும் வேண்டாம்.

கல்நார் இழைகளைக் கரைப்பதாக யூடியூபில் சொன்ன கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். நுரையீரலில் தங்கிவிட்ட கல்நாரைக் கரைக்கும் மருந்து எதுவும் கிடையாது. மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கி இரண்டு மாதங்களாக விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கியதே தவறு. ஆனால் அதைத் திடீரென்று விட்டுவிடாமல், மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வீட்டுக் கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடையாமல் இருக்கும்வரை அதை அறுக்காமலும் துளையிடாமலும் விட்டுவைத்தால் போதும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. தழும்பு புற்றுநோயாக மாறாவிட்டாலும், அதை உண்டாக்கிய அதே தூசி, பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள் கழித்து, நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயை அரிதாக உண்டாக்கக்கூடும். மார்பின் ஒரு பக்கத்தில் நீர் கோத்து, அந்தப் பக்கம் கல்லை வைத்தாற்போல் கனத்து, விடாத மந்தமான வலியோடு மூச்சு வாங்கத் தொடங்கினால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நம் ஊரில் மார்பில் நீர் என்றதும் காசநோயை நினைப்பது நியாயமே. ஆனால் நான்கு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டு, இரண்டு முறை நீர் எடுத்து, மீண்டும் கோத்த பிறகு என்னிடம் வந்த ஒரு முன்னாள் தொழிலாளியிடம், அவருடைய பழைய வேலை என்ன என்று அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. எடுத்த நீரில் புற்றணுக்கள் தென்படாமலே போவதுண்டு. ஆகவே காரணம் தெளிவாகாதபோது உறையிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கும்படி நீங்களே கேளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக, "நான் கல்நாரில் வேலை பார்த்தவன்" என்று சொல்லுங்கள்.

பீடியை இன்றே விடுங்கள். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பலமடங்காகும்; உங்கள் கையில் உள்ள மருந்து பீடியை விடுவது ஒன்றுதான். இந்த மாதமே தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனைக்குப் பழைய எக்ஸ்ரேக்களோடு சென்று, நுரையீரல் திறனை அளக்கும் ஊதும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.