ஒரு நாளா, மூன்று நாளா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். என் மகளுக்குச் சென்னையில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்க வேண்டும். சேதி தெரிந்த நாள் முதல் என் மனைவியின் அண்ணன் விடியலில் சுபுஹு தொழுத கையோடு செல்பேசிக்கு ஒரு ஹதீஸ் (நபிமொழி) அனுப்பிவிடுகிறார். மஹ்ரமான, அதாவது மணம் முடிக்க விலக்கப்பட்ட நெருங்கிய உறவான, ஆண்துணை இல்லாமல் பெண் பயணம் போகக் கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் இருக்கிறது. நபியவர்கள் மறைந்து இருநூறு ஆண்டுகள் கழித்துத் தொகுத்தவை என் மகளின் படிப்பைத் தீர்மானிக்க வேண்டுமா? குர்ஆன் மட்டும் போதும் என்பவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. வாய் திறந்தால் ‘ஹதீஸை மறுக்கிறான்’ என்பார்களே என்று பேசாமல் இருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

மகளை அனுப்புங்கள். கல்லூரிச் சேர்க்கை நம் விவாதம் முடியும்வரை காத்திருக்காது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் செய்திகள் எனக்கும் வருகின்றன. பச்சைக் குவிமாடத்தின் படம், கீழே இரண்டு வரி, ஓரத்தில் ‘புகாரி’ என்று ஒரு ஹதீஸ் தொகுப்பின் பெயர். ஹதீஸின் எண் இருக்காது, அறிவித்தவர் பெயர் இருக்காது. பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லும் கட்டளை மட்டும் தவறாமல் இருக்கும். யாரிடமிருந்து கேட்டாய், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று கேட்டுக் கேட்டே ஒரு கல்வித்துறையை வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்!

உங்கள் மைத்துனர் அனுப்பும் ஹதீஸ் ஆதாரமற்றதல்ல. புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆனால் ஓர் அறிவிப்பில் ஒரு பகலும் ஓர் இரவும், இன்னொன்றில் இரண்டு நாள், மற்றொன்றில் மூன்று நாள் பயணம் என்று வருகிறது. சிலவற்றில் கணக்கே இல்லை. ஹனஃபி மத்ஹபு (சட்டப் பள்ளி) மூன்று நாளை எடுத்துக்கொண்டது; பிற்காலத்தில் அதைச் சுமார் 77 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். ஷாஃபி மத்ஹபோ கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான பெண்களின் துணையே போதும் என்றது. 45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் குறைந்தது நால்வராகச் சேர்ந்து மஹ்ரம் இல்லாமல் ஹஜ் போகலாம் என்று 2018இல் இந்திய அரசு அனுமதித்தபோதும், அவரவர் மத்ஹபு இடம் கொடுத்தால் என்ற நிபந்தனை இருந்தது. அதாவது ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் பரங்கிப்பேட்டை மரைக்காயர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சட்டம், அதே மாவட்டத்தில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் உங்கள் ஊர்ப் பெண்ணுக்கு வேறு சட்டம். இருவருக்கும் ஆதாரம் ஹதீஸ்தான்.

அதே புகாரியில் நபித்தோழர் அதீ இப்னு ஹாத்திம் அறிவிப்பதையும் மைத்துனருக்கு அனுப்புங்கள். இராக்கின் ஹீராவிலிருந்து ஒரு பெண் புறப்பட்டு, அல்லாஹ்வைத் தவிர எவருக்கும் அஞ்சாமல் வந்து கஅபாவை வலம் வருவாள், நீர் வாழ்ந்தால் அதைக் காண்பீர் என்று நபி (ஸல்) சொன்னார்கள். பின்னாளில் கண்டேன் என்கிறார் அதீ. இது முன்னறிவிப்புதான், அனுமதியாகாது என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. வழிப்பறிக்கு அஞ்சிய பாலைவனப் பாதையில் பிறந்தது அந்தக் கட்டளை; இந்த அறிவிப்போ அச்சம் நீங்கிய பாதையை ஒரு நற்செய்தியாகவே காட்டுகிறது. கடலூரில் பஸ் ஏறினால் ஐந்து மணி நேரத்தில் சென்னை. விடுதிக்குக் காப்பாளர் இருக்கிறார். அச்சமே இல்லாத ஊர் என்று சென்னையைச் சொல்லமாட்டேன். அது வேறு பேச்சு.

இனி உங்கள் கேள்வி. ‘இருநூறு ஆண்டுகள்’ பாதி உண்மை. தொகுத்த இமாம் புகாரி இறந்தது 870இல். ஆனால் 795இல் இறந்த இமாம் மாலிக்கின் ஹதீஸ் தொகுப்பும் நம்மிடம் இருக்கிறது. குர்ஆன் மட்டும் என்று ஒதுங்கினால், நண்பகல் தொழுகையான லுஹருக்கு நான்கு ரக்அத் (சுற்று) என்பதும், கட்டாயக் கொடையான ஜகாத் நூற்றுக்கு இரண்டரை என்பதும் எங்கிருந்து வந்தன? குர்ஆன் மட்டும் போதும் என்பவர்கள் இந்த இடத்தில் சொல்வது எனக்கு ஒட்டுப்போட்ட துணியாகத்தான் தெரிகிறது. நூலையே தூக்கி எறிவது சோம்பேறித்தனம். அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் கேள்வியின்றிச் சுமப்பதும் அப்படித்தான்.

கேள்வி கேட்பது மறுப்பென்றால் முதலில் மறுத்தவர் நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி). குடும்பத்தார் அழுவதால் இறந்தவர் வேதனை செய்யப்படுகிறார் என்று நபித்தோழர் இப்னு உமர் அறிவித்தபோது, அவர் பொய் சொல்லவில்லை, மறந்திருக்கலாம் அல்லது தவறியிருக்கலாம் என்றார். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்ற குர்ஆன் வசனத்தை எடுத்து முன்னே வைத்தார். பெண், நாய், கழுதை குறுக்கே போனால் தொழுகை முறியும் என்று பேசியவர்களிடம், எங்களை நாய்க்கும் கழுதைக்கும் சமமாக்கிவிட்டீர்களே என்று கோபப்பட்டார். இரண்டுமே ஹதீஸ் நூல்களில்தான் பதிவாகியிருக்கின்றன. அவரை யாரும் மறுப்பாளர் என்று ஒதுக்கவில்லை. நம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயான்களில் (சொற்பொழிவுகளில்) இவை ஏன் அடிக்கடி காதில் விழுவதில்லை என்று பள்ளிவாசல் ஹஸரத்துகளைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் மைத்துனர் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். மகள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. புகாரி தமிழில் கிடைக்கிறது. பயணம் பற்றிய ஹதீஸ்களை அவளே படிக்கட்டும். ஒரு நாளா, மூன்று நாளா, எதற்காகச் சொல்லப்பட்டது என்று மாமாவிடம் அவளே கேட்கட்டும். அவர் கோபப்பட்டால் நீங்கள் குறுக்கே போய்ச் சமாதானம் செய்யாதீர்கள்.